ஆம்பூர்ப் பக்கம் என்று சொன்னவள்

1

போன மாதம் அரசாங்க வேலையாக வேலூர் வரை வரவேண்டி இருந்தது. வந்தவள் அப்படியே இரண்டு நாள் லீவு போட்டுக்கொண்டு, குடியாத்தத்தில் தங்கச்சி பெண்ணின் காது குத்துக்கும் தலையைக் காட்டினேன். பந்தியில் என் பக்கத்து இலையில் பெரியம்மா மகள் சரோஜா. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, ஊருக்கே கேட்கிற குரலில் கேட்டாள்.

"ஏங்க்கா, நீ பெங்களூர்ல ஜெயில்ல இருக்கியாமே?"

எதிர்வரிசையில் நாலு பேருக்குக் கை வாய்க்குப் போகாமல் நின்றுவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ரசத்தை எடுத்து அவள் தலையில் ஊற்றியிருப்பேன்.

"உள்ள இருக்கல. வேலையில இருக்கேன். மேட்ரன் வேலை. பொம்பளைக் கைதிங்களப் பாத்துக்கிறது."

"சாயங்காலம் உன்னையும் சேத்துத்தானே பூட்டுவாங்க?"

பெண்கள் அறையைப் பூட்டுவது நான்தான். ஆனால் எனக்கு வெளியே இருக்கிற பெரிய கதவைப் பூட்டுவது வேறு ஆள். எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் அவர் திறந்துவிட வேண்டும். ஆகவே அவள் சொன்னதில் பாதி சரிதான், அதை அவளிடம் ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் பாயசம் வரைக்கும் இதே பேச்சு. கொலைகாரிகளோடயா இருக்கே? கட்டிப்போட்டு வைப்பார்களா? சோறு போடுவார்களா, கஞ்சிதானா? எல்லாவற்றையும் கேட்டார்கள். நீ எதற்காக வேலூர் வந்தாய் என்று மட்டும் ஒருத்தியும் கேட்கவில்லை. அதனால் கேட்டதையும் கேட்காததையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

2

நாங்கள் குடியிருப்பது ஆஸ்டின் டவுனில். பழைய ஜனங்கள் இந்தப் பக்கத்தைத் தண்டு என்பார்கள், வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த இடம். ஜெயில், பழைய ஊரான பேட்டைப் பக்கம். தண்டும் பேட்டையும் ஒரே ஊர் என்று பெயர்தானே தவிர, இங்கே தமிழில் விடிகிற பொழுது அங்கே கன்னடத்தில்தான் சாயும்.

ஜெயிலுக்கு இரண்டு வாசல், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. முதல் வாசலைச் சாத்தாமல் இரண்டாவதைத் திறக்க மாட்டார்கள். நடுவில் நிற்கிற அரை நிமிஷம், ஜெயிலுக்கே பெரிய அதிகாரியான சூப்ரண்டாக இருந்தாலும் சரி, சாணி அள்ளுகிறவனாக இருந்தாலும் சரி, எல்லாரும் அடைபட்டவர்கள்தான். உள்ளே ஆண்களுக்கு நீள நீளமாகக் கொட்டடிகள். விசாரணையில் இருப்பவன் தனி, தண்டனை ஆனவன் தனி. முதல் தடவை வந்தவனை, வருவதே வழக்கமாகிவிட்டவனோடு சேர்க்கக் கூடாது என்று விதி. கூட்டம் சேர்ந்துவிட்டால் விதியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுச் சேர்த்துப் படுக்கவைத்து விடுவார்கள்.

வகுப்பும் உண்டு. வெளியே படித்தவனாக, வசதியாக வாழ்ந்தவன் உள்ளேயும் கட்டில், சொந்தத் துணி, கொஞ்சம் நல்ல சாப்பாடு என்று இருக்கலாம். மற்றவர்களுக்குப் பாய், ஜெயில் துணி, ராகி உருண்டை. நான் சேர்ந்த புதிதில், ஒரே குற்றத்துக்கு எப்படி இரண்டு விதம் என்று கேட்டேன். "பழக்கம் இல்லாதவங்களுக்குக் கஷ்டமாயிடுமேம்மா" என்றார் ஹெட் கிளார்க் நஞ்சப்பா. தரையில் படுத்துப் பழகியவனுக்குத் தரை கஷ்டமில்லையாம்.

பெண்கள் பக்கம் ஒரு மூலையில், தனிச் சுவருக்குள் இருக்கிறது. ஒரு நீண்ட அறை, ஒரு தொட்டி, ராகி புடைக்க ஒரு தாழ்வாரம், அவ்வளவுதான். கொலைகாரிகளைப் பற்றிக் கேட்டீர்களே, நான் வந்ததிலிருந்து அப்படி வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மீதி எல்லாம் யார்? திருட்டுச் சாராயம் விற்றவள். ரயில் பாதையில் கரி பொறுக்கியவள். வீட்டு வேலைக்குப் போன இடத்தில் வெள்ளி டம்ளர் காணோம் என்றதும் பிடிபட்டவள். அபராதம் கட்ட வழி இல்லாமல் அதற்குப் பதில் நாள் கழிப்பவள். புத்தி பேதலித்து, ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்கிற வரைக்கும் கொண்டுவந்து போடப்பட்டவள். அவள் செய்த குற்றம் என்ன என்று அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பட்டுப்புடவையோடு ஒருத்தி வந்ததை ஒரே தடவை பார்த்திருக்கிறேன். அவளும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஜாமீனில் போய்விட்டாள்.

சோறு போடுகிறார்கள். யாரையும் கட்டிப்போடவில்லை. போதுமா சரோஜா?

3

என்னவருக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை கிடைத்து வந்தோம். நான் எட்டாவது பாஸ். மேட்ரன் வேலைக்கு ஆள் வேண்டும் என்று பக்கத்து வீட்டு வார்டர் சொன்னார். ஜெயில் என்றதும் பெண்கள் யாரும் மனு போடவில்லை, அதனால் எனக்குக் கிடைத்தது. பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

கன்னடம் வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முதல் வாரத்தில் ஜெயிலரிடம் போய், மரியாதையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, 'நீங்கள்' என்பதற்கு 'நீவு' சொல்லாமல் 'நீனு, நீனு' என்று நாலு தடவை சொல்லிவிட்டேன். அதாவது நீ, நீ என்று. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, வேலை போச்சு என்றுதான் வீட்டுக்கு வந்தேன். என் மகள் சுமதிக்கு இந்தத் தொல்லை எல்லாம் கிடையாது. கான்வென்டில் இங்கிலீஷ், தெருவில் கன்னடம், என்னைத் திட்ட மட்டும் தமிழ். அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று கூடப் படிக்கிற பிள்ளைகள் கேட்டால் 'கவர்மென்ட் ஆபீஸ்' என்று சொல்லிவைத்திருக்கிறாள். தெரிந்தபோது நெஞ்சு வலித்தது. பொய்யும் இல்லையே என்று விட்டுவிட்டேன்.

ஆஸ்டின் டவுனில் உங்களுக்குப் புரியாத ஒரு வழக்கம் உண்டு. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் எந்த ஊர் என்று கேளுங்கள், பெங்களூர் என்று ஒருத்தர் சொல்ல மாட்டார். ஆரணி என்பார், செய்யாறு என்பார், வாணியம்பாடி என்பார். தாத்தா பட்டாளத்துக்கு மூட்டை தூக்க வந்தவராக இருப்பார். அப்பா இங்கேயே பிறந்து இங்கேயே செத்திருப்பார். இவர் அந்த ஊரை மிதித்தே இருக்க மாட்டார். ஆனாலும் ஊர் என்றால் அதுதான். பெண் கேட்டு வருகிறவனுக்கு அதைச் சொன்னால்தான் நாம் யார், எவர் என்று புரியும். பெங்களூர் என்று சொன்னால் ஊர் பேர் இல்லாத அநாதை என்று அர்த்தம்.

மாநிலங்களைப் பிரித்துக் கோடு போட்ட பிறகும் இந்த வழக்கம் மாறவில்லை. அத்திபெலே தாண்டினால் வேறு ராஜ்யம் என்பது லாரிக்காரர்களுக்குத் தெரியும். எங்கள் வாய்க்குத் தெரியாது.

4

கெங்கம்மா பெங்களூரிலேயே, ஈஜிபுராவில் பிறந்தவள், அங்கேயே வாடகைக்கு இருந்தவள். அவள் புருஷன் ஆள் இல்லாத பங்களாக்களில் பித்தளைக் குழாயையும் ஈயத்தையும் கழற்றுவான். இவள் கூடையில் வைத்துப் பழைய சாமான் கடைக்குக் கொண்டுபோவாள். ஒருநாள் போலீஸ் வந்தது. ஓடத் தெரிந்தவன் ஓடினான், கூடையோடு நின்றவள் மாட்டினாள். இரண்டு வருஷம் தண்டனை.

உள்ளே வருகிற அன்று எல்லாரையும் கேட்பதுபோல நஞ்சப்பா அவளையும் கேட்டார்: "ஊரு யாவுது?" எந்த ஊர் என்று. கெங்கம்மா யோசிக்கக்கூட இல்லை. நிமிர்ந்து நின்று, "ஆம்பூர்ப் பக்கம்" என்றாள். அவர் அதை எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற எனக்கும் அது தப்பாகப் படவில்லை. என்னைக் கேட்டிருந்தால் நானும் குடியாத்தம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவளுக்கு ஏழு வயதில் ஒரு பெண், செல்வி. கைக்குழந்தை என்றால் தாயோடு உள்ளே இருக்கலாம், ஏழு வயதுக்கு அந்தச் சலுகை கிடையாது. பக்கத்துக் குடித்தனத்து நூர்ஜானம்மா குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். மாதம் ஒரு தடவை ஜெயிலுக்குக் கூட்டிவருவாள். கைதியைப் பார்க்க வருவதை இங்கே முலாகாத்து என்பார்கள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் குழந்தை நின்றுகொண்டு, இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று அம்மாவைக் கேட்கும். அம்மா சாப்பிடாததையெல்லாம் சேர்த்துச் சொல்வாள்.

ஒரு முலாகாத்தில் நூர்ஜானம்மா என் பக்கமும் திரும்பிச் சொன்னாள். "இவ புருஷன் கோலார் தங்கவயல்ல வேற ஒருத்திய வச்சிருக்கான். அங்க குழந்தை பொறந்திருக்கு. அதத் தூக்கி வச்சிக்க, தண்ணி சொமக்க, இந்தப் பச்சிய, இந்தப் பொண்ண, குடுன்னு வந்து நிக்கிறான். நான் சொல்லிட்டேன், அவ அம்மா மாசா மாசம் பாக்குறா, ஜெயில்ல ஆபீசருங்க பச்சி எங்கன்னு கேப்பாங்க, உன்னத்தான் புடிப்பாங்கன்னு. பயந்து ஓடிட்டான். அவன் மேல வாரண்டு இருக்குல்ல."

ஜெயிலில் யாரும் குழந்தையைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. அது அவனுக்குத் தெரியாது. அந்த மாதாந்திர முலாகாத்து ஒன்றுதான் செல்விக்குக் காவல்.

5

இப்படி இருக்கும்போதுதான் மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. தண்டனை நிறைய பாக்கி இருக்கிற வெளிமாநிலக் கைதிகளை அவரவர் மாநிலத்து ஜெயிலுக்கே அனுப்பலாம். கெட்ட உத்தரவு என்று சொல்ல மாட்டேன். ஆண்கள் பக்கம் சேலத்துக்காரர்களுக்கு ஒரே சந்தோஷம், பெற்றவர்கள் வந்து பார்க்க வசதி. பெண்கள் பக்கம் ஒரே ஒரு பெயர். கெங்கம்மா, ஆம்பூர், மதராஸ் மாநிலம். வேலூருக்கு.

சொன்னதும் அவளுக்குப் புரியவே இல்லை.

"வேலூர் ஏன் மேட்ரனம்மா?"

"உன் ஊருக்குப் பக்கம்னு."

"என் ஊரா? அந்த ஊரு கெழக்க இருக்குதா மேக்க இருக்குதான்னு கூட எனக்குத் தெரியாதே!" என்றவள், முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "அப்போ செல்விய யாரு கூட்டியாருவா?"

நஞ்சப்பாவிடம் போனேன். நல்ல மனுஷர். பெருமூச்சு விட்டார். "நானும் பாத்தேம்மா. சும்னே அனுப்பல. ஊர்ல விசாரிக்கச் சொல்லி எழுதினோம். பதில் வந்தாச்சு." பதிலைப் படித்தும் காட்டினார். மேற்படி கெங்கம்மாள் இவ்வூர் இன்னாருடைய பேத்திதான், அந்தக் குடும்பத்தின் வீட்டுமனை இன்னும் இங்கே காலியாகத்தான் கிடக்கிறது என்று ஆம்பூர்ப் பக்கத்துக் கிராம முன்சீப் சாங்கோபாங்கமாக எழுதியிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. போய் நின்றால் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பார்களோ என்னமோ, எங்கள் பெண்தான் என்று எழுதிக்கொடுக்க மட்டும் ஊர் முந்திக்கொண்டது.

"அவளும் சொல்றா, ஊரும் சொல்லுது. நான் ஏனு மாடோது? என்ன செய்யறது?" என்றார் நஞ்சப்பா. பிறகு குரலைத் தணித்தார். "திங்கக்கிழமை பெரேடுல சூப்ரண்டு நேரா கேப்பாரு. இங்க பொறந்தவன்னு அவ வாயால சொல்லட்டும். அவரு ஒத்துக்கிட்டா நான் மாத்திடறேன்."

திங்கள்தோறும் கைதிகள் வரிசையாக உட்கார வேண்டும். சூப்ரண்டு ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வருவார். குறை இருந்தால் அவரவர்தான் சொல்ல வேண்டும். மேட்ரன் கைதிக்காகப் பரிந்து பேசக் கூடாது. அதனால் நான் கெங்கம்மாவைப் பழக்கினேன். யாவுது ஊரு என்று கேட்பார், பெங்களூரு சார் என்று சொல், ஹுட்டித்து இல்லே சார், அதாவது பிறந்தது இங்கேதான் என்று சொல். அவளும் ராகி புடைக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தாள். மற்ற பெண்களுக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது. குளிக்கும்போது, சாப்பிடும்போது, தூங்கப்போகும்போது எவளாவது திடீரென்று "யாவுது ஊரு?" என்று அதட்டுவாள். கெங்கம்மா வாயில் கவளத்தோடு "பெங்களூரு சார்!" என்பாள். அறையே சிரிக்கும். அந்த வாரம் போல ஒரு வாரத்தை நான் அங்கே பார்த்ததில்லை.

திங்கட்கிழமை வந்தது. சூப்ரண்டு வந்தார். அவர் முன்னே தமிழ்ப் பக்கம் வேலை பார்த்தவர், தமிழ் நன்றாக வரும். அவளுடைய சீட்டைப் பார்த்தார். மதராஸ் மாநிலம் என்று இருந்ததும் அவர் முகம் இளகியது. அவளைப் பார்த்து, வீட்டுப் பெரியவர் கேட்பது மாதிரி தமிழில் கேட்டார்.

"ஏம்மா, உனக்கு எந்த ஊரு?"

கெங்கம்மா கையைக் கூப்பினாள். வெட்கமாகச் சிரித்தாள்.

"ஆம்பூர்ப் பக்கங்க ஐயா."

அவளுக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. "இல்லீங்க, பெங்களூரு சார், ஹுட்டித்து..." என்று கன்னடத்தில் ஆரம்பித்தாள். "ஊருக்குப் போறதுன்னா சந்தோஷந்தானே" என்று சொல்லிக்கொண்டே அவர் அடுத்தவளிடம் போய்விட்டார். விதி கிடக்கட்டும் என்று நான் ஒரு அடி முன்னால் வந்தேன். "சார், இவ இங்கதான் பொறந்தா. கொழந்தை இங்க இருக்கு." சூப்ரண்டு நின்றார். ஜெயிலர் என்னை முறைத்தார்.

"இப்பத்தானே அவ வாயால சொன்னா? ஊர்லயும் ஆமான்னு எழுதியிருக்காங்க. உங்களுக்கு இதுல என்ன மேட்ரன்?"



6

பெண் கைதியை வெளியூர் கொண்டுபோனால் மேட்ரன் கூடப் போக வேண்டும். எங்கள் வேலூர்ப் பக்கம் அரசாங்கச் செலவில் போகிறேன் என்று வீட்டில் எல்லாருக்கும் ஒரே பொறாமை. தண்டு ஸ்டேஷனில் மதராஸ் பாசஞ்சர் நின்றிருந்தது. கூட இரண்டு கான்ஸ்டபிள்கள். செல்வியைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி நூர்ஜானம்மாவுக்கு முன்னமே ஆள் விட்டிருந்தேன்.

அவள் தனியாக வந்தாள்.

"நேத்து வந்து கூட்டிட்டுப் போயிட்டான்" என்றாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "உன்ன ஊரு மாத்தறாங்கன்னு அவன்கிட்ட யாரோ சொல்லிட்டாங்க. இனிமே யாரு கேப்பா, நீ யாரு இவளுக்குன்னு கேட்டான். நான் யாருன்னு சொல்லுவேன் கெங்கா? சொல்லு, நான் யாரு?" முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கெங்கம்மா அழவில்லை. நூர்ஜானம்மாவின் கையைத்தான் தடவிக்கொண்டிருந்தாள்.

பங்காரப்பேட்டையில் ரயில் வெகு நேரம் நின்றது. தங்கவயலுக்குப் போகிற வண்டி எதிர் பிளாட்பாரத்தில் நின்றிருந்தது. கெங்கம்மா எழுந்து நின்றுகொண்டாள். அந்த வண்டியில் ஏறுகிற, இறங்குகிற ஒவ்வொரு குழந்தையாகப் பார்த்தாள். கான்ஸ்டபிள் உட்காரச் சொன்னார். "பாத்துட்டுப் போகட்டும் விடுங்க" என்றேன். வண்டி நகர்ந்த பிறகும் அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

ஜோலார்பேட்டை, வாணியம்பாடி எல்லாம் போயிற்று. ஜெயில் சேலையை யாரும் பார்த்து முறைக்க வேண்டாம் என்று என் போர்வையை அவளுக்குச் சுற்றியிருந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன நாத்தம் மேட்ரனம்மா இது?"

தோல் பதனிடுகிற வாடை. அந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். "ஆம்பூர் வந்துடுச்சு" என்றேன்.

ரயில் நின்றது. ஒரு குழாய், இரண்டு வேப்பமரம், மூட்டை மூட்டையாகத் தோல். மூக்கைப் பொத்தியபடியே எல்லாவற்றையும் பார்த்தாள். வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு ஒரு பெண் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கெங்கம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்த ஊரும்மா நீ?"

"பெங்களூரு" என்றாள் கெங்கம்மா.

"அதானே பாத்தேன். எங்க ஊருக்காரி எவ மூக்கப் பொத்துவா?" என்று சிரித்துக்கொண்டே அந்தப் பெண் அடுத்த ஜன்னலுக்குப் போனாள்.

கெங்கம்மா முந்தானையை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா மேட்ரனம்மா?"

கேட்டேன். கான்ஸ்டபிள்கள் இரண்டு பேரும் கேட்டார்கள். அதற்குள் ரயில் புறப்பட்டுவிட்டது.